டைனா உட்கார்ந்த வாசல்

“பி.எஸ்சி. தாவரவியலா? இங்க நாய்ப் பீ அள்ளணுமே, அள்ளுவீங்களா மேடம்?”

மோப்ப நாய்ப் பிரிவில் நான் சேர்ந்த அன்று சப்-இன்ஸ்பெக்டர் தனபாலன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. சுற்றி நின்ற காவலர்கள் சிரித்தார்கள்.

“மாட்டுச் சாணி அள்ளிப் போட்டுட்டுத்தாங்கய்யா காலேஜுக்குப் போனேன்” என்றேன்.

“சாணிக்கு மரியாதை உண்டும்மா. வாசல்ல தெளிக்கிறாங்க. இதுக்கு அதுவும் கிடையாது” என்றார்.

எங்கள் வீட்டில் முதல்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். அப்பா, அம்மா இரண்டு பேரும் பட்டுக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். காக்கி உடுப்பு போட்டுக்கொண்டு தெருவுக்குள் நான் நடந்து வந்தபோது, ஒதுங்கி நின்று எங்களைக் கூப்பிட்டுப் பழகியவர்கள் எழுந்து நின்றார்கள். அந்தப் பெருமையை நான் இன்றுவரை யாருக்காகவும் குறைத்துக்கொண்டதில்லை.

நாய்ப் பிரிவை நானாகக் கேட்டு வாங்கினேன். காரணம் நாவல்கள். பள்ளி நாட்களில் வாடகைக்குக் கிடைக்கும் துப்பறியும் நாவல்களை எடுத்து வந்து, நடவுக்குப் போன பெண்கள் மதியம் சாப்பிட உட்காரும்போது வாய்விட்டுப் படிப்பேன். போலீஸ் நாயும் அதைப் பழக்கிப் பிடித்து வரும் ஹேண்ட்லரும் வரும் கதைகளுக்குத்தான் அங்கே கிராக்கி. முதல் அத்தியாயத்தில் நாய் கைக்குட்டையை முகரும். கடைசி அத்தியாயத்தில் ஒருவனின் காலைக் கவ்வும். கவ்வப்பட்டவன்தான் கொலைகாரன். “மனுசன்னா பொய் சொல்லுவான், நாய் எதுக்குடி சொல்லப் போவுது” என்பார்கள் அந்தப் பெண்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடினோம், விழுந்தோம், திட்டு வாங்கினோம். டைனா என்ற கறுப்பு டாபர்மேன் குட்டியும் நானும் ஒருவருக்கொருவர் பழகினோம். அவளுக்கு நான் மட்டும்தான் சோறு வைக்க வேண்டும், நான் மட்டும்தான் குளிப்பாட்ட வேண்டும். வேறு யார் பிஸ்கட் நீட்டினாலும் தலையைத் திருப்பிக்கொள்வாள். நிரந்தரமான வேலை கிடைத்ததைவிட அந்தத் திருப்பலில் எனக்குக் கர்வம் அதிகம்.

வேலை என்று வரும்போது எங்களுக்கு ஒரு முறை உண்டு. சம்பவ இடத்துக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். கூட்டத்தைக் காற்று போகும் பக்கத்துக்குத் தள்ளுவோம். குற்றவாளி விட்டுப்போனதாக எண்ணும் பொருளைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்துச் சுத்தமான துணியில் வைப்போம். அதன்பிறகுதான் டைனாவை இறக்குவேன். கழுத்துப் பட்டையிலிருந்து வாரைக் கழற்றி, மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையில் மாட்டுவேன். பட்டை மாறியதும் அவள் வேறு ஆளாகிவிடுவாள். விளையாட்டு நின்றுவிடும். மண்டியிட்டு, அந்தப் பொருளை அவள் மூக்கருகில் பிடித்துக் காத்திருப்பேன். அவசரப்படுத்தக் கூடாது. அவளே முகத்தை எடுத்ததும் நீள வாரை விடுவேன். யார் மேல் சந்தேகம் என்று ஹேண்ட்லரிடம் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் நம் கை நம்மையறியாமல் வாரை அந்தப் பக்கம் இழுத்துவிடும். வாடைக்குரிய ஆளைக் கண்டால் டைனா குரைக்க மாட்டாள், கவ்வவும் மாட்டாள். எதிரே போய் உட்கார்ந்துவிடுவாள்.

தனபாலன் ஐயா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எல்லோரையும் ‘ஐயா’ என்பார், திருடனையும். குரல் எவ்வளவு தணிகிறதோ அவ்வளவு ஆபத்து. ஜீப்பில் எப்போதும் ஒரு துப்பறியும் நாவல் வைத்திருப்பார். அதிலும் நாய்க்கதை கிடைத்தால் டிரைவருக்கு வாசித்துக் காட்டிச் சிரிப்பார். “இந்த நாய்க்கு நாலாவது அத்தியாயத்துலயே ஆளு தெரிஞ்சுபோச்சு. எழுதறவருக்காகப் பொறுத்துக்கிட்டு இருக்கு.”

ஒருமுறை பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு ஒன்றில் மோட்டார் திருடு போனது. ஐயா நேராகத் தோப்புக்குப் போகவில்லை. ஊருக்குள் டீக்கடையில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். டீயை ஆற்றிக்கொண்டே, கடைக்காரரிடம் பேசுவதுபோல் ஊருக்கே சொன்னார்: “நம்ம டைனாம்மாவுக்குப் பசிக்கறதுக்குள்ள வேலையை முடிச்சாகணும்யா. பசி வந்துட்டா புடிச்ச கையை விடாது.”

டீ முடிவதற்குள் ஒருவர் டிவிஎஸ் வண்டியின் பின்னால் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“வழியில கெடந்துச்சுங்கய்யா.”

“எந்த வழியிலங்கய்யா? உங்க வீட்டுக் கொல்லைக்குப் போற வழியிலயா?”

டைனா ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. திரும்பும்போது ஐயா சொன்னார்: “நாய் மோப்பம் புடிச்சுக் கண்டுபுடிக்கிறது கொஞ்சந்தான் மேடம். மிச்சத்தைப் பயம் கண்டுபுடிக்கும். புஸ்தகம் எழுதறவங்க நமக்குப் பாதி வேலையை முடிச்சு வச்சிருக்காங்க.”

அவர் சொன்னது பலமுறை பலித்தது. பயம் ஆளைக் காட்டிக்கொடுத்தது. அது யாருடைய பயம் என்று நாங்கள் யோசித்ததில்லை.

கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே பெரிய வீட்டில் ஒரு அம்மாள் தனியாக இருந்தார். ஒரு மகன் சிங்கப்பூரில், இன்னொருவர் அமெரிக்காவில். ஊரில் மிச்சமிருந்த உறவு தம்பி மகன் மணிசேகர் மட்டும். வயலுக்குத் தண்ணீர் சரியாகப் பாய்கிறதா என்று காலையில் தானே நடந்து போய்ப் பார்ப்பது அந்த அம்மாளின் வழக்கம். அன்று மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், வரப்பில் கிடந்தார். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. சங்கிலி இல்லை.

நாங்கள் போனபோது வெயில் ஏறிவிட்டது. உடல்மேல் வெள்ளை வேட்டி போர்த்தியிருந்தது. கொஞ்சம் தள்ளி, வரப்புச் சரிவில் ஒரு பழைய சிவப்புத் துண்டு கிடந்தது. சேறு படிந்த துண்டு. இன்ஸ்பெக்டர் அதைக் காட்டி, “கொன்னவன் விட்டுட்டு ஓடியிருக்கான்” என்றார்.

நான் டைனாவுக்குப் பட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது மணிசேகர் பக்கத்தில் வந்து நின்றார்.

“பொண்ணுக்கு எந்த ஊரு?”

சொன்னேன்.

“அங்க யாரு வீடு? எந்தத் தெரு?”

அதையும் சொன்னேன். தெருவை மறைத்துப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. “ஓ” என்றார். அந்த ‘ஓ’ எனக்குப் பழகிய ஒன்றுதான்.

டைனா துண்டை முகர்ந்தாள். முகத்தை எடுத்தாள். வாய்க்கால் கரையில் ஏறினாள். இருபுறமும் நடவு முடிந்த வயல்கள். பின்னால் தள்ளி ஊரே வந்தது. அத்தனை பேரும் என் நாயின் மூக்கைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

முதல் மடையில் டைனா நின்றாள். வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் வாய் அது. புதுச் சேறு வைத்து அடைத்திருந்தது. அந்தச் சேற்றில் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு மேலே போனாள். அடுத்த மடையிலும் அதேபோல் நின்றாள். அதுவும் அடைத்திருந்தது. அதற்கடுத்ததும். எனக்குள் ஏதோ இடறியது. ஆனால் வாரைப் பிடித்திருப்பவள் யோசித்தால் கை தடுமாறும். நான் அவள் பின்னால் போனேன்.

அங்கிருந்து பெரிய வீட்டின் கொல்லைக் கதவுக்குப் போனாள். படியில் சிறிது நேரம் நின்றாள். பிறகு சாலையைத் தாண்டிக் காலனிக்குள் நுழைந்தாள்.

கதவுகள் சாத்தப்படும் சத்தம் வரிசையாகக் கேட்டது. குழந்தைகளை உள்ளே இழுத்தார்கள். நான் பிறந்து வளர்ந்த தெரு மாதிரியே ஒரு தெரு. அதற்குள் நாயைப் பிடித்துக்கொண்டு நான் போகிறேன், பின்னால் அரிவாளும் கம்புமாக ஊர் வருகிறது. என் கைக்குள் வார் ஈரமாகிவிட்டது.

கடைசி வீடு. சின்ன மாதா படம் மாட்டிய வாசல். சூசை என்பவர் வீடு. பெரிய வீட்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் அவர்தான். சுவரோடு சாய்ந்து குந்தியிருந்தார். டைனா அவர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

அவர் ஓடவில்லை. இரண்டு கையையும் கூப்பி நாயைக் கும்பிட்டார். உதடு ஆடியது, சத்தம் வரவில்லை. அவர் உட்கார்ந்திருந்த மண் நனைந்தது.

“நாய் புடிச்சிருச்சு” என்று பின்னால் ஒருவன் சொன்னான். அது அப்படியே கூட்டத்தின் கடைசி வரை போனது. பிறகு கூட்டம் நெருங்கத் தொடங்கியது. வேலியிலிருந்து கழி பிடுங்கும் சத்தம் கேட்டது.

சூசையின் மனைவி லூர்து குறுக்கே விழுந்தார். “சொல்லித் தொலையேன்யா. வாயில என்ன வச்சிருக்க?” என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

ஐயா என் பக்கத்தில் வந்து, எப்போதையும்விடத் தணிந்த குரலில், “நல்ல வேலை மேடம். நாயை எடுத்துக்கிட்டு ஜீப்புக்குப் போங்க” என்றார்.

போயிருக்கலாம். என் வேலை அங்கே முடிந்துவிட்டது. நாவல் என்றால் ‘முற்றும்’ போடும் இடம். ஆனால் நான் இரண்டடி விலகினால் அந்த இடைவெளியில் கழிகள் நுழைந்துவிடும் என்று தெரிந்தது. டைனாவை எழுப்பாமல் அங்கேயே நிறுத்தினேன். ஒருவரும் நாயைத் தாண்டி வரவில்லை. அவர்களை நிறுத்தியதும் பயம்தான்.

குனிந்து சூசையிடம் கேட்டேன். “மடையெல்லாம் நீங்க அடைச்சதா?”

தலையாட்டினார்.

“இன்னைக்கு அந்த வயலுக்குத்தானே தண்ணி முறை? முறைத் தண்ணிய யாராவது அடைப்பாங்களா?”

அப்போதுதான் அவருக்குக் குரல் வந்தது. “தண்ணி ஏறுனா அம்மாவ நனைச்சிரும்லம்மா. வரப்பு அங்க தாழ்வு.”

கூட்டத்தில் முன்னால் நின்ற ஓரிருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயல்காரர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கொன்றவன் தண்ணீரைத் திறந்துவிட்டுப் போவான். கால் தடத்தைத் தண்ணீர் கரைத்துவிடும். ஒவ்வொரு மடையாக நின்று சேறு அப்பி அடைத்துவிட்டு, சொல்ல ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கொல்லைக் கதவில் போய் நிற்க மாட்டான்.

“துண்டு உங்களோடதா?”

“ஆமாம்மா.”

“அங்க எப்படி வந்துச்சு?”

மணிசேகரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “அம்மா கெடந்த கோலத்தை நான் பாத்தேன்னு எப்படிம்மா என் வாயால சொல்லுவேன்” என்றார்.

அப்போது எனக்கு விளங்கியது. நான் நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன். “அந்தத் துண்டு முதல்ல எங்க கெடந்துச்சு? வேட்டியப் போத்துனது யாரு?”

அந்த ஊர்க் காவலர் ஒருவர் மணிசேகர் பக்கம் திரும்பினார். மணிசேகர் தொண்டையைக் கனைத்தார்.

“அத்தை மேல கெடந்துச்சு. யாரோ கண்ட பயலோட துண்டு அவங்க மேல கெடக்கலாமா? எடுத்துப் போட்டுட்டு வேட்டி கொண்டாந்து போத்துனேன். இதுல என்ன?”

அந்த அம்மாளின் புடவை விலகிக் கிடந்திருக்கிறது. சூசை தன் துண்டால் மூடியிருக்கிறார். அந்தத் துண்டு யார் உடம்பில் இருந்தது என்பதற்காக இவர் அதை எடுத்து எறிந்திருக்கிறார். எறிந்த துண்டு சாட்சியாகி, டைனா மூக்குக்கு வந்து, மூடியவர் வாசலில் கொண்டுவந்து எங்களை நிறுத்திவிட்டது. டைனா தவறு செய்யவில்லை. துண்டுக்காரரைக் கேட்டோம், காட்டினாள்.

“கொன்னுட்டு இவனே போத்தியிருக்க மாட்டானா?” என்றார் மணிசேகர். பிறகு என்னைப் பார்த்து, “உங்க ஆளுன்னு காப்பாத்துறியா?” என்றார்.

அதற்குப் பதில் சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு. நான் சொல்வது உண்மையா பொய்யா என்பதை விட்டுவிட்டு நான் யார் என்பதை ஊர் பார்க்கத் தொடங்கிவிட்டது. கூட்டம் மறுபடி ஒரு அடி நகர்ந்தது.

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நிமிடம் என் வேலையும் சூசையின் உயிரும் அவர் நாக்கில் இருந்தன.

“கேக்க வேண்டியதை என் ஆளு கேட்டாச்சு. யாரு கேட்டாங்கங்கறது எதுக்குங்கய்யா?” என்றார் மணிசேகரிடம். “துண்டை நகர்த்துனதை முன்னாடியே சொல்லியிருந்தா நாய் இந்தத் தெருவுக்கே வந்திருக்காது. இனி இவர் போலீஸ் பொறுப்பு. ஒரு கழி இவர்மேல பட்டுச்சுன்னா டைனாம்மா யாரு முன்னாடி உக்காரும்னு எனக்கே தெரியாது.”

கழிகள் இறங்கின. ஜீப்பில் சூசையை என் பக்கத்தில் உட்கார வைத்தோம், நடுவில் டைனா. வழி முழுவதும் அவர் சுவாசித்தாரா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அன்று அவரைக் கூட்டத்திடமிருந்து மீட்டோம். ஸ்டேஷனிலிருந்து மீட்க எங்களால் முடியவில்லை. அது எங்கள் அதிகாரம் இல்லை என்றார் ஐயா. கேபிள் டி.வி. இணைப்பு கொடுக்கப் பெரிய வீட்டுக்கு வந்துபோன ஒருவன் நாகப்பட்டினத்தில் சங்கிலியோடு பிடிபட்ட பிறகுதான் சூசையை விட்டார்கள். சாதாரண விசாரணையில் பிடிபட்டான். நாய்க்கு அதில் வேலையே இல்லை. சூசை வெளியே வந்தபோது ஒரு காது கேட்கவில்லை.

உண்மையான ஆள் அகப்பட்டும் ஊர் மாறவில்லை. தண்ணீர் பாய்ச்ச யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அடுத்த நடவுக்கு முன்பே குடும்பத்தோடு திருப்பூருக்குக் கிளம்பிவிட்டார்கள். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் லூர்துவைப் பார்த்தேன். மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்தார்.

“நீ நல்லதுதாம்மா பண்ணுன” என்றார். “ஆனா அந்த நாய் எங்க வாசல்ல உக்காந்துருச்சே.”

அதற்குப் பிறகும் பல வருடங்கள் நான் அந்த வேலையில் இருந்தேன். பொருளை டைனாவிடம் நீட்டுமுன் ஒவ்வொரு இடத்திலும் கேட்டேன்: இதை யார் தொட்டது, யார் நகர்த்தியது, முதலில் எங்கே கிடந்தது? இன்ஸ்பெக்டர்கள் எரிச்சல்பட்டார்கள். ஐயா மட்டும், “மேடம் கேக்கறதுக்குப் பதில் சொல்லிருங்கய்யா, இல்லேன்னா நாய் எறங்காது” என்பார். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் டைனா யார் எதிரிலாவது உட்காரப் போகிறாள் என்று அவள் பின்னங்கால் மடங்கும்போது தெரியும். அந்த நொடியில் எனக்குக் குலை நடுங்கும். திருடன் எதிரில் உட்கார்ந்தாலும் நடுங்கும். நாவல் படிப்பதையும் நிறுத்திவிட்டேன். நாய் உட்காரும் இடத்தில் அவர்கள் கதையை முடித்துவிடுகிறார்கள். அதன்பின் அந்த வாசலில் என்ன நடக்கிறது என்று ஒருவரும் எழுதவில்லை.

டைனாவும் நானும் ஒன்றாகவே வேலையை விட்டோம். அவளுக்கு ஓய்வு, எனக்கு ராஜினாமா. அரசாங்க வேலையை விடுகிறாளே என்று அம்மாவுக்கு மனத்தாங்கல். நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள். தேறினேன். கறுப்பு அங்கி போட்டேன். எங்கள் தெருவிலிருந்து கோர்ட்டுக்கு வக்கீலாகப் போன முதல் ஆள் நான்தான்.

இப்போது ஒரு வழக்கு எடுத்திருக்கிறேன். ஒடிசாவிலிருந்து அரிசி ஆலை வேலைக்கு வந்த பையன் ஒருவன். கொலை வழக்கு. வேறு சாட்சி ஒன்றும் இல்லை, ஒரு செருப்பை முகர்ந்த நாய் அவன் எதிரில் உட்கார்ந்தது என்பதைத் தவிர. முன்பு இருந்த வக்கீல் நாயைக் கொண்டுவந்த ஹேண்ட்லரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் விட்டுவிட்டார். சிறையில் போய்ப் பார்த்தேன். அவனுக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில், “நாய் உக்காந்துச்சு அக்கா, எல்லாம் முடிஞ்சுபோச்சு” என்றான்.

“முடியல” என்றேன்.

ஹேண்ட்லரை மறுபடி கூண்டுக்கு அழைக்க மனு போட்டேன். நீதிபதி அனுமதித்துவிட்டார். அந்த ஹேண்ட்லர் என் பழைய பிரிவைச் சேர்ந்த பெண். எனக்குப் பின்னால் சேர்ந்தவள். விஷயம் தெரிந்து போன் செய்தாள்.

“அக்கா, நம்ம டிபார்ட்மெண்ட் ஆளையே கூண்டுல நிறுத்தப் போறீங்களா? என்னதான் கேப்பீங்க?”

“அந்தச் செருப்பு முதல்ல எங்க கெடந்துச்சுன்னு கேப்பேன்.”

“எனக்குத் தெரியாதேக்கா. எங்கிட்ட யாரும் சொல்லல” என்றாள்.

“அதையே அங்க வந்து சொல்லும்மா” என்றேன்.

சம்மன் போய்விட்டது.